லங்காலிபலேலே கணவாய்: அடையாளம் இடாத மலைவழியில் போய்த் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் கணவாய் ஏறுவது பற்றி என்னிடம் விசாரிக்கும் தமிழ் நண்பர்கள் இரண்டு வகை. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தலைமுறைகளாக வாழ்பவர்கள் இந்த மலையின் அடிவாரத்தைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் உச்சி விளிம்பு வரை போய் வந்தவர்கள் அவர்களில் குறைவு. வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவர்களோ வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறிய தெம்போடு கேட்கிறார்கள். அந்த மலைகளில் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடலாம். இங்கே முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். படிக்கட்டும் கிடையாது, பாறையில் அம்புக்குறியும் கிடையாது.

அதனால் முதல் கணவாயாக லங்காலிபலேலேயைத்தான் நான் சொல்வேன். க்வாஸுலு நட்டாலின் ஜயண்ட்ஸ் காசில் முகாமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கயிறு தேவையில்லை, கைகளால் பாறையைப் பற்றி ஏற வேண்டிய இடமும் இல்லை. அந்த வட்டாரக் கணவாய்களில் சாதுவானது என்று பெயர் வாங்கியது. ஆனால் பாதி மலைக்கு மேல் பலகை எதுவும் இல்லாததால் வழியை நாமேதான் படித்தாக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஏறும்போதே இறங்கும் வழியைப் பாருங்கள். ஏன் என்று புரிய, முதலில் மலையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலை எப்படி இருக்கிறது

டிராக்கன்ஸ்பர்க் இரண்டு மாடிக் கட்டடம் மாதிரி. கீழ்மாடி வெளிர்நிற மணற்கல். அதன் மேல் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது; பசால்ட் என்று சொல்லப்படும் அந்தக் கரும்பாறைதான் மேல்மாடி. குகைகள் பெரும்பாலும் மணற்கல்லில்தான் குடைந்திருக்கின்றன. வேட்டையாடி வாழ்ந்த ஆதிகுடிகளான சான் மக்களின் ஓவியங்கள் இருப்பதும் அங்கேதான்; நம் பாதையோரத்து மெயின் கேவ்ஸ் குகைகளும் அப்படித்தான். பசால்ட் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் மழைக்கு ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. ஒதுங்கிடம் இருக்கும் மலை எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பசால்ட் ஒரே சுவராக நிற்பதில்லை. ஒரு பாறைப்பட்டை, மேலே புல் திட்டு, அதற்கும் மேலே இன்னொரு பாறைப்பட்டை என்று மாறி மாறிப் போகும். எல்லாப் பட்டைகளையும் உடைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை இறங்கும் இடுக்குதான் கணவாய். பக்கத்திலேயே அதே அகலத்தில், அதே புல்லோடு பத்து இடுக்குகள் இருக்கும். அவை மூன்று பட்டைகளை உடைத்து நான்காவதில் செங்குத்தாக நின்றுவிடும். கீழேயிருந்து பார்த்தால் அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. சரிவு வெளிப்பக்கமாக வளைந்திருப்பதால் புல் மட்டுமே தெரியும், சுவர் புல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

வழி தவறிய ஒரு படை

இந்தக் கணவாயின் கதையே வழி தவறியதில் வந்ததுதான். லங்காலிபலேலே ஹ்லூபி மக்களின் தலைவர். அவருடைய இளைஞர்கள் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் உழைத்துத் துப்பாக்கிகளோடு ஊர் திரும்பினார்கள். அவற்றைப் பதிவு செய்யச் சொன்னது நட்டால் காலனி அரசு. தலைவரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அழைத்தது, அவர் போகவில்லை. 1873-இல் தன் ஆட்களோடும் மாடுகளோடும் இந்தக் கணவாய் வழியாக இன்றைய லெசோத்தோவுக்குள் தப்பினார். அப்போது இதன் பெயர் புஷ்மன்ஸ் ஆற்றுக் கணவாய்.

வழியை மறிக்க மேஜர் டர்ன்ஃபோர்ட் தலைமையில் ஒரு படை போனது. ஜயண்ட்ஸ் காசில் கணவாயில் ஏறி விளிம்பு வழியாக வர வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அவர்கள் ஏறியது இன்னும் தெற்கே இருக்கும் ஹ்லதிம்பா கணவாயில். இருட்டு, செங்குத்து, களைத்த குதிரைகள்; டர்ன்ஃபோர்டே விழுந்து தோள்மூட்டு நழுவியது. நவம்பர் 4 காலை கணவாய்த் தலைக்கு வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது, ஆட்களும் குறைந்திருந்தார்கள். ஹ்லூபி வீரர்களோடு நடந்த மோதலில் படையின் பக்கம் எர்ஸ்கின், பாண்ட், பாட்டரில் என்ற மூன்று வெள்ளைக்கார வீரர்களும், எலைஜா காம்புலே, கட்டானா என்ற இரண்டு ஆப்பிரிக்கர்களும் இறந்தார்கள். ஐவரின் கல்லறைகளும் கணவாய்த் தலையில் இருக்கின்றன. சுற்றியுள்ள சிகரங்கள் அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கின்றன. லங்காலிபலேலே அந்த டிசம்பரில் பிடிபட்டு ரோபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஹ்லூபி மக்கள் நிலத்தையும் மாடுகளையும் இழந்தார்கள். இன்று கணவாய் அவர் பெயரில் இருப்பது எனக்கு நிறைவு தருகிறது. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் வந்து இறங்கியதும் இதே காலனியில்தான், இதே ஆண்டுகளில்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லறைகளின் முன் நில்லுங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் என் தேர்வு. கோடை இடிமழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது. ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்களுக்கு ஏப்ரல் 27, மே 1 விடுமுறைகள் கைகொடுக்கும்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை பல நாட்களில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். காலையில் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தாலும் நம்பாதீர்கள். அந்த மாதங்களில் போவதென்றால் விடியும் முன்பே கிளம்பி, நண்பகலுக்குள் விளிம்பை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வானம் தெளிவு, ஆனால் மாலை 5 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும், பனியும் பெய்யும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்குச் சட்டென்று உறைக்காத ஒன்று உண்டு: இங்கே சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். தெற்கு பார்த்த சரிவுகளில் பனி நாள் கணக்கில் உருகாமல் கிடந்து கண்ணாடியாக இறுகிவிடும். பனி விழுந்த வாரத்தில் இந்தக் கணவாய் புதியவர்களுக்கு வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த புல்லில் தீ பரவும் ஆபத்தும் உண்டு; கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

யாருடன், எதோடு

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேருக்குக் குறையக் கூடாது, நான்கு பேர் நல்லது. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவி தேடி இறங்கலாம். குழுவின் வேகம் என்பது கடைசியாக வருகிறவரின் வேகம். அவரை முன்னால் விடுங்கள்.

"அண்ணே, போன்ல ஜிபிஎஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு மேப்பு?" என்று தம்பிகள் கேட்பார்கள். ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்; குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆனால் உயர்ந்த பாறைச்சுவர்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும். திரையில் தெரியும் புள்ளி உண்மையான இடத்திலிருந்து பல மீட்டர் விலகியிருக்கலாம். வேறொருவர் பதிந்து வைத்த தடத்திலும் அதே பிழை இருக்கும். அடுத்தடுத்து இரண்டு இடுக்குகள் இருக்கிற இடத்தில் அந்த விலகல் போதும். எந்தப் பள்ளத்தாக்கில் நிற்கிறோம் என்பதை போன் சொல்லட்டும். எந்த இடுக்கு என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

1:50,000 அளவுள்ள காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். திசைகாட்டியில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமலே காலம் தள்ளலாம். டிராக்கன்ஸ்பர்க்கில் ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே விலகி நிற்கும். அதைச் சரிசெய்யாமல் மூடுபனியில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 400 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள், அதாவது வேறொரு இடுக்கின் தலையில். வரைபடத்தில் அளந்த கோணத்தோடு அந்த 25 பாகையைக் கூட்டிய பிறகே ஊசியைப் பின்பற்றுங்கள். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உடையில் பருத்தி வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே வியர்வை காயும் துணி, மேலே கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் உண்மையாகவே தண்ணீர் புகாத மழைக்கோட்டு. காதை மூடும் குல்லாய், கையுறை ஆகியவை கோடையிலும் பையில் இருக்கட்டும். நெற்றி விளக்கு, விசில், அவசரத்தில் உள்ளே புகுந்து படுக்கும் தகட்டுப் பை, முதலுதவி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கோயில் மலைகளில் வெறுங்காலோடு ஏறிப் பழகியவர்களும் இங்கே கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பல் தேயாத காலணிதான் போட வேண்டும். ஈரப் புல் சரிவில் வழுக்கினால் நிற்காது.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆறிப்போனாலும் இறங்கும். பொடி தடவிய சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். பூங்காவில் திறந்த நெருப்பு மூட்டக் கூடாது.

நடை: முகாமிலிருந்து குறுக்குப் பாதை வரை

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் வந்து மூயி ரிவர் அல்லது எஸ்ட்கோர்ட்டில் பிரிந்தால் சுமார் 3 மணி நேரம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே முகாமில் தங்கிவிடுவது சிறந்தது. மலைப் பதிவேட்டில் பெயர்கள், வழி, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடவே ஊரில் ஒருவரிடம், "இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் முகாமுக்கு அழையுங்கள்" என்று சொல்லி வையுங்கள். மலைக்குள் போன் சமிக்ஞையை நம்ப முடியாது.

நேரக் கணக்கு இப்படி: முகாம் 1700 மீட்டர் சொச்சம், கணவாய்த் தலை 3000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஏற்றம் 1200 மீட்டர் அளவு. சமதள நடைக்கு ஆகும் நேரத்தோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூட்டுவது மலையேறிகளின் பழைய கணக்கு. நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கே போக வர 9 முதல் 11 மணி நேரம் பிடிக்கும். காலை 5 மணிக்குக் கிளம்பினால் நிதானமாக இருக்கலாம்.

தொடக்கம் சுலபம். மெயின் கேவ்ஸ் போகும் நல்ல பாதையில் புஷ்மன்ஸ் ஆற்றை ஒட்டி நடப்பீர்கள். குகைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறும் முன் உயரம் ஏறுவதே முக்கியம். குகைப் பக்கத்தைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போனபின் பாதை ஆற்றை விட்டு ஒரு மலைமுதுகில் ஏறத் தொடங்கும். இந்த மலைமுதுகுதான் பாதி நடை. புல்வெளியில் எலாண்ட் மான் கூட்டம் மேயும்; தலைக்கு மேல் தாடிக் கழுகு வட்டமிட்டால் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அதைப் பார்க்க முடிகிற இடங்கள் குறைவு. கல்லிடுக்கில் கை வைக்கும் முன் பாருங்கள். மலைவிரியன் வெயில் காயும்.

மலைமுதுகு ஏறி முடிந்ததும், பெரும்பாறைச் சுவரின் காலடியில் குறுக்கே ஓடும் ஒரு பாதையில் போய்ச் சேருவீர்கள். சுமார் 2300 மீட்டர் உயரத்தில் மலையைச் சுற்றி ஓடும் பாதை அது. இடப்பக்கம் போனால் ஜயண்ட்ஸ் ஹட், வலப்பக்கம் போனால் பானர்மன் ஹட். இரண்டும் தங்கும் குடில்கள்.

இங்கே 20 நிமிடம் உட்காருங்கள். சாப்பிடுவதற்காக மட்டுமல்ல. சுவர் முழுவதும் கண்ணுக்கு முன் தெரியும் கடைசி இடம் இது. வரைபடத்தை விரித்து நம் இடுக்கை அடையாளம் காணுங்கள். இரு பக்கத்துச் சிகரங்களின் வடிவத்தையும், பக்கத்து இடுக்குகள் எந்தப் பட்டையில் முட்டி நிற்கின்றன என்பதையும் பாருங்கள். புகைப்படம் எடுத்து, திரையில் விரலால் வழியை வரைந்து வையுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே இடுக்கைத்தான் காட்டுகிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேறு இடத்தைக் காட்டினால், பேசித் தீர்க்காமல் எழுந்திருக்காதீர்கள். மேகம் சுவரை மூடியிருந்தால் காத்திருங்கள். விலகவில்லையென்றால் அன்றைய நடை இந்த இடத்தோடு சரி.

கணவாய்

இதற்கு மேல் பலகை இல்லை. தடம் சில இடங்களில் தெளிவாக இருக்கும், சில இடங்களில் புல்லும் சரளையும் மூடியிருக்கும். வழி காட்ட யாரோ அடுக்கி வைத்த கல்லடுக்குகள் அங்கங்கே தெரியும். ஒரு கல்லடுக்கைப் பார்த்ததும் அதை நோக்கி ஓடாதீர்கள். யாரோ வழி தவறி அடுக்கியதாகவும் இருக்கலாம். நீங்கள் கீழே படித்த வழியோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். புதிதாக நீங்கள் எதையும் அடுக்க வேண்டாம்.

ஏறும் முறை ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பாறைப்பட்டையைத் தாண்டியதும் நின்று, முழுதாகத் திரும்பி, கீழே பாருங்கள். "இறங்கும்போது இந்த இடம் எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடை எந்தப் பக்கம், பிளந்த பாறை எந்தப் பக்கம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்தவர் காதில் விழட்டும். முன்னால் பார்த்து எடுக்கும் படத்தைவிடத் திரும்பி நின்று எடுக்கும் படமே மாலையில் உதவும். ஓடை இரண்டாகப் பிரியும் இடங்களில் இது கட்டாயம்.

உருளும் கல் இருக்கும் பகுதியில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. கல் பெயர்ந்தால் வெட்கப்படாமல் "கல்லு!" என்று கத்துங்கள். தண்ணீரை இடுக்கில் நிரப்பிக்கொள்ளலாம், மேலே தேட வேண்டியிருக்கும்.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்து எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள். என் முடிவு எப்போதும் நண்பகல் 12. கணவாய்த் தலை 15 நிமிட தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்தாலும் 12 என்றால் 12. அந்த உயரத்தில் களைத்த மூளை பேசும் நியாயங்களைக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் கீழேயே முடிவு செய்கிறோம்.

விளிம்பில்

மேலே வந்ததும் மலை சட்டென்று தணிந்துபோகும். சுவரைப் பார்த்துப் பார்த்து வந்த கண்ணுக்கு மெல்ல ஏறி இறங்கும் புல்வெளி விரியும். நீர்ப்பிரிவுக் கோடுதான் எல்லை. அந்தப் பக்கம் லெசோத்தோ. இங்கே குடிவரவு அலுவலகம் கிடையாது, அதனால் ஒருநாள் நடையாக வந்தவர்கள் கணவாய்த் தலையோடு நின்று திரும்புவதுதான் முறை, குறிப்பாக விசாவில் இருப்பவர்கள். ஆட்டு மந்தையோடு பசோத்தோ மேய்ப்பர்கள் வந்தால் "துமேலா" என்று முகமன் சொல்லுங்கள். நாய்களை அவர்கள் அடக்கும் வரை நகராமல் நில்லுங்கள். உடைமைகளைப் பரப்பி வைக்காதீர்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கல்லறைகளைப் பார்க்கப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வெளியே வந்த புள்ளியை ஜிபிஎஸ்ஸில் பதியுங்கள். பிறகு ஐம்பது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்து, நம் இடுக்கின் வாய் மற்ற இடுக்குகளின் வாய்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் மூடுபனி ஏறிவிடும். அப்போது எல்லா வாயும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

இறக்கம்

பதிந்த புள்ளிக்கே வந்து, அங்கிருந்து இறங்குங்கள். "அந்தப் பக்கம் இன்னும் சரிவு குறைவாத் தெரியுதே" என்று யாராவது சொன்னால், சரிவு குறைவாகத் தெரிவதே எச்சரிக்கை என்று சொல்லுங்கள். ஏறும்போது பார்க்காத எந்த இடத்திலும் கால் வைக்காதீர்கள். குதித்துத்தான் இறங்க முடியும் என்ற இடம் வந்தால் நீங்கள் வழியில் இல்லை. குதித்துவிட்டால் திரும்ப ஏற முடியாது, அடுத்த பட்டை அதைவிட உயரமாக இருக்கும். நின்று, கடைசியாக நிச்சயம் தெரிந்த இடம் வரை திரும்ப ஏறுங்கள். களைப்பில் அந்த ஏற்றம் கசக்கும், ஆனாலும் ஏறுங்கள்.

பிற்பகலில் இடுக்கு சீக்கிரமே நிழலுக்குள் போய்விடும்; குளிர்காலத்தில் காலையில் ஈரமாக இருந்த கல் மாலையில் உறைந்திருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். இறங்க முடியாவிட்டால் ஒருவரையொருவர் விலகி, பையின் மேல் குந்தி உட்காருங்கள். குழிவான பாறையின் வாயில் ஒட்டி நிற்க வேண்டாம், மின்சாரம் அந்த விளிம்பில் தாவும். ஓடை பெருகியிருந்தால் கடக்காதீர்கள். மழை நின்றால் மலையோடைகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

யாராவது அடிபட்டால் முதலில் காற்றிலிருந்து மறைத்து, உலர்ந்த துணி போர்த்தி, தரையிலிருந்து உடம்பைப் பிரித்து வையுங்கள். சமிக்ஞை கிடைத்தால் 112. கிடைக்காவிட்டால் இருவர் இறங்கட்டும்; இடத்தின் ஆயத்தொலைகளையும் அடிபட்டவரின் நிலையையும் காகிதத்தில் எழுதி எடுத்துப் போகட்டும். பொழுது சாய்ந்து வழி தெரியவில்லையென்றால் இருட்டில் தடவித் தடவி இறங்காதீர்கள். தகட்டுப் பைக்குள் சேர்ந்து உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருப்பதில் உயிர் மிஞ்சும்.

சுற்றுப்பாதையைத் தொட்ட பிறகு முட்டி வலியைத் தவிரப் பெரிய கவலை இல்லை. ஆற்றோரம் வந்ததும் குகை ஓவியங்களைப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் அனுமதிப்பார்கள். முகாமுக்குத் திரும்பியதும் காரில் ஏறும் முன் மலைப் பதிவேட்டில் திரும்பிவிட்டதாக எழுதுங்கள், ஊரில் காத்திருப்பவருக்கும் அழைத்துச் சொல்லுங்கள். நீங்கள் என்3-இல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி ஒரு மீட்புக் குழு இருட்டில் அந்த இடுக்கில் ஏறக் கூடாது.